மறக்கப்பட்ட காலரா ஆய்வாளரை நினைவூட்டிய பெங்களூரு இதழ்

பெங்களூரு: காலரா நோயாளியின் உடல் சில மணி நேரத்தில் நீர் வற்றிப்போவது ஏன் என்பதற்கு விடை கண்டவர், கொல்கத்தா மருத்துவர் சம்புநாத் டே. அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1990-ஆம் ஆண்டு ஜூலையில், பெங்களூருவிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' அவருக்காகச் சிறப்பிதழ் வெளியிட்டது.

1932-இல் தொடங்கப்பட்டது இந்த ஆங்கில அறிவியல் இதழ். ஆய்வுக் கட்டுரைகளுடன், பிற துறையினரும் படித்தறியத்தக்க கட்டுரைகளும் இதில் இடம்பெறுகின்றன.

டேயின் சோதனை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் காலரா கிருமிகளைச் செலுத்தினார். அப்பகுதி நீர் கோத்து வீங்கியது. 1953-இல் இம்முறை வெளியானது. அடுத்து, கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் வீங்கியது. கிருமி சுரக்கும் நஞ்சு குடலிலேயே செயல்பட்டு நீரை வெளியேற்றுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. 1959-இல் 'நேச்சர்' இதழ் இதனை வெளியிட்டது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

அமெரிக்க அறிஞர் ஜோஷுவா லெடர்பர்க், டேயை நோபல் பரிசுக்கு ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்தவர், சிறப்பிதழிலும் எழுதினார். ஆனால் இந்திய அறிவியல் அகாதெமிகள் எதுவும் டேயை வாழ்நாளில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. அவற்றுள் ஒன்றின் தலைமையகம் பெங்களூருவிலேயே உள்ளது.

இதழின் பழைய தொகுப்புகளை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம், ஆங்கிலத்தில் மட்டும்.