அமராவதி நகரில் அடைத்த கதவு

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணையின் அருகே ஒரு பள்ளி இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் 1961 இல் வகுத்த திட்டத்தின்படி எழுந்த சைனிக் பள்ளிகளுள் ஒன்று. 1962 சூலை 16 இல் தோன்றியது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்த்து, உண்டியும் உறையுளும் தந்து, பாடத்தோடு அணிவகுப்பும் பழக்கிப் படை அதிகாரியாக்க முனையும் விடுதிப் பள்ளி. உழவன் வீட்டுப் பிள்ளையும் அதிகாரியாகலாம் என்ற ஏற்பாட்டை நாம் குறைகூறோம். ஆனால், பிள்ளை என்றால் ஆண் பிள்ளையாம்! 59 ஆண்டுகள் பெண்ணுக்கு அங்கே இடம் ஒதுக்கப்படவில்லை.

காரணம் என்ன? கேளுங்கள் தோழர்களே! இந்தப் பள்ளி கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு மாணவரை ஆயத்தம் செய்கிறது. அகாடமியோ அன்று பெண்களைச் சேர்க்கவில்லை. ஆகவே பள்ளியும் சேர்க்கவில்லை. ஒரு பூட்டின் சாவி இன்னொரு பூட்டுக்குள்! இத்தனைக்கும், 1992 முதல் பெண்கள் படை அதிகாரிகளாகச் சேர்ந்துவந்தனர். அவர்களுக்குப் பயிற்சி தந்தது நம் சென்னைப் பரங்கிமலை. பட்டம் பெற்றபின் பரங்கிமலைக்கு வரலாம். பத்து வயதில் அமராவதிக்கு வரக்கூடாது என்றிருந்தது. இது என்ன கணக்கோ, கணக்கு வாத்தியார்தான் சொல்ல வேண்டும்.

மென்மையானவள், ஆபத்துக்கு ஆகாதவள் என்பார்கள். அவர்களை நம் வெம்பக்கோட்டைக்கு அழைத்து வருவோம். பட்டாசு ஆலையில் வெடிமருந்தின் அருகே அமர்ந்து வேலை பார்க்கும் கை யாருடையது? விபத்து நேர்ந்தால் கருகும் உடல் யாருடையது? கூலிக்கு மருந்தோடு மல்லாடும்போது அவளது மென்மை எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. நம் வகுப்பறைச் சிறுமிகளுள் பலர் அந்தத் தாய்மாரின் மக்கள்தாம்.

கதவை அடைக்கும் வழக்கம் பழையது. 1904 இல், ஆண்களே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி சேர முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆணைதான் கதவைத் திறந்தது. அந்தப் பெண் 1912 இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டமன்றத் துணைத்தலைவராகித் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடினார். கல்லூரி இடிந்து விழவில்லை!

சைனிக் பள்ளிகளின் கதவு மிசோரத்தில் முதலில் திறந்தது. சிங்சிப் பள்ளியில் 2018 இல் ஆறு சிறுமியர் சோதனையாகச் சேர்க்கப்பட்டனர். 2021-22 கல்வியாண்டில் எல்லாச் சைனிக் பள்ளிகளுக்கும் அது விதியாயிற்று. அதே 2021 ஆகஸ்டில், பெண்களும் அகாடமித் தேர்வு எழுதலாம் என உச்சநீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. 2022 இல் நுழைந்த பெண்களில் 17 பேர் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளிவந்தனர். மேனனின் திட்டம் பிறந்து அறுபது ஆண்டு கடந்தபின் ஒரு பூட்டு முழுதாய்த் திறந்தது.

ஒன்று மட்டும் நம்மை உறுத்துகிறது. சைனிக் பள்ளிகளில் அன்று மாணவியர்க்கு ஒதுக்கியது நூற்றுக்குப் பத்து, அல்லது பத்து இடம். எது கூடுதலோ அது. மக்கள்தொகையில் சரிபாதிக்குப் பத்தில் ஒரு பங்கு! இட ஒதுக்கீட்டுக்காக வாதாடிய இயக்கத்தார்க்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தச் சிறு எண்ணிக்கையையாவது நம் ஊர்ப் பெண்கள் கைப்பற்ற வேண்டாமா? ஐந்தாம் வகுப்பிலேயே நுழைவுத் தேர்வுக்குப் பழக்க வேண்டும். செய்தி பெற்றோரை எட்ட வேண்டும். ஆலை விடும் நேரம் பார்த்து, வீடுவீடாகச் சென்று சொல்ல வேண்டும்.

2021 இல் ஆறாம் வகுப்பில் நுழைந்த முதல் மாணவியர் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் ஆண்டு 2028.