வள்ளி ஔவையான கதை

கடமலைக்குண்டுப் பக்கம் திருவிழாவுக்கு 'வள்ளி திருமணம்' என்று முடிவாகிவிட்டால், பெரிசுகள் முதலில் விசாரிப்பது "ஸ்திரீபார்ட் யாரு?" என்றுதான். நடிகர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து இறங்குவார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம், மற்றதெல்லாம் மேடையில்தான். நாரதர் போடும் தர்க்கத்தை வள்ளி அந்த நொடியிலேயே மடக்கியாக வேண்டும்.

ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இந்த முறை தந்த பயிற்சியை மனதில் வைத்துக்கொண்டுதான் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளைப் பார்க்க வேண்டும். 1908-இல் பிறந்தார். வறுமையில் ரயிலில் பாடிய சிறுமியை வேலு நாயர் கம்பெனி மேடையேற்றியது. விடிய விடிய, கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவர் காதிலும் சொல் சிதையாமல் விழும்படி பாடிப் பாடி உரமேறிய குரல் அது.

1920-களில் இலங்கையில் நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் மேடையில் ஜோடி சேர்ந்தார், பின்னர் அவர் மனைவியும் ஆனார். அந்தக் காதலையும் பிரிவையும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிவிட்டன. நான் தாண்டிப் போகிறேன். 1933-இல் கிட்டப்பா 27 வயதில் இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25. வெள்ளைப் புடவைக்கு மாறியவர், இனி ஆண்களுடன் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். காதலும் கல்யாணமுமாகவே நாடகங்கள் ஓடிய காலத்தில், நாயகி வேடம் கட்டும் ஒரு ஸ்திரீபார்ட்டுக்கு இது பிழைப்பையே முடக்கக்கூடிய முடிவு.

அவருக்கோ வேறு வழி திறந்தது. 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடம். வேதியராக மகாராஜபுரம் விசுவநாத அய்யர். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்று ஊரே வாய்பிளந்தது. 1940-இல் 'மணிமேகலை', துறவி வேடம். 1953-இல் எஸ்.எஸ். வாசனின் 'ஔவையார்'.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பின்னணிப் பாட்டு வந்தபின், பாடத் தெரிந்தவர்தான் நடிக்கலாம் என்ற நிலை போய்விட்டது. நாடக மேடையிலிருந்து வந்த பாடகர் பலர் ஒதுங்கிப் போனார்கள். தியாகராஜ பாகவதரின் கொடியே இறங்கிவிட்டது. கதாநாயகனுக்கு இளமை வேண்டும். ஔவைக்கு என்ன வேண்டும்? குரலும் தமிழும் போதும். துக்கத்தில் எடுத்த முடிவுதான் தொழிலில் அவரை நிலைநிறுத்தியது என்பது என் கணிப்பு. சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1964-இல் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகளாக வந்தார். மறு வருடம் 'திருவிளையாட'லில் மீண்டும் ஔவை.

1969-இல் 'துணைவன்' படப் பாட்டுக்குத் தேசிய விருது, மறு வருடம் பத்மஸ்ரீ. அதற்கப்புறமும் அவர் ஓயவில்லை. 1973-இல் 'காரைக்கால் அம்மையார்' வந்தது. இளம் புனிதவதியாக லட்சுமி. அழகை உதறிய பிறகு வரும் அம்மையாராக, 65 வயது சுந்தராம்பாள்.

(தொடரும்)