வீடா, வண்டியா?



சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் பாகாயத்தில் எங்கள் தெருவில் ஒரு விந்தை நிகழ்ந்தது. பேருந்தினும் சிறியதாய், வேனினும் பெரியதாய் ஒரு வண்டி என் வீட்டு வாயிலில் வந்து நின்றது. அதனுள்ளே படுக்கை இருந்தது, அடுப்பு இருந்தது, குளிர்பெட்டி இருந்தது, குளியலறையும் கழிப்பறையுங்கூட இருந்தன. தெருப் பிள்ளைகள் அதனைச் சூழ்ந்துகொண்டனர். எதிர்வீட்டுச் சிறுமி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது வீடா, வண்டியா?" என்று என்னைக் கேட்டாள். "இரண்டுந்தான் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால், பல்லாண்டுகள் வரலாறு கற்பித்த ஓர் ஆசிரியன் ஒரு குழந்தையின் வினாவினின்று இவ்வாறு தப்பித்துக்கொள்வது முறையன்று. அவ்வினாவுக்கு உரிய விடையைத் தேடியதன் பயனே இப்பேச்சு.

வண்டியில் குடும்பம் நடத்துவது மேலைநாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. நம் தொண்டை நாட்டிலேயே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வீட்டைச் சக்கரத்தின்மேல் ஏற்றிச் சென்ற மக்கள் இருந்தனர். அவர்கள் உமணர் எனப்படும் உப்பு வணிகர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் அவ்வண்டிகளை நம் கண்முன் நிறுத்துகிறார். வண்டியில் கோழி அடையும் கூடு இருக்கிறது. காடி வைத்த கலம் கயிற்றில் தொங்குகிறது. கைக்குழந்தையோடு ஒரு தாய் எருதுகளை ஓட்டுகிறாள். இஃது ஒரு குடும்பத்தின் வீடு அன்றி வேறென்ன? புறநானூற்றில் ஔவையார், உமணர் தம் வண்டியின் அடிமரத்தில் கட்டிச் செல்லும் சேம அச்சினை ஒரு தலைவனுக்கு உவமையாக்கினார். இன்று மோட்டார் வண்டியில் நாம் வைத்துக்கொள்ளும் மாற்றுச் சக்கரத்தின் முன்னோர் அந்தச் சேம அச்சே.

வீடு வழிநடந்தால் அது நிற்க இடம் வேண்டும். எருதுக்குத் தண்ணீர் வேண்டும். மனிதர்க்கு நிழல் வேண்டும். இவற்றை அமைப்பதே நல்லரசின் கடமை என்று நம் முன்னோர் கருதினர். 1689 முதல் 1706 வரை மதுரையில் ஆட்சி நடத்திய இராணி மங்கம்மாள், சாலையோரங்களில் மரம் வைத்ததும் சத்திரம் கட்டியதும் நீங்கள் பாடநூலில் படித்தவையே. சத்திரம், சாவடி, தண்ணீர்ப்பந்தல், சுமைதாங்கி ஆகிய இவையெல்லாம் வழிப்போக்கனுக்கு ஊரார் அளித்த வரவேற்புகள்.

அவ்வுலகின் கடைசி நாள்களை நானும் கண்டேன். 1960களின் பிற்பகுதியில் நான் சிறுவன். வள்ளிமலைத் திருவிழாவுக்குச் செல்ல என் பாட்டனார் ஒரு கூண்டு வண்டியை வாடகைக்குப் பேசுவார். அச்சாரம் கொடுத்துவிட்டால் வண்டிக்காரர் சொன்ன நாளில் விடியுமுன் வந்து நிற்பார். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரிப்பர். அடியில் அரிக்கேன் விளக்கு தொங்கும். பெட்டியில் கட்டுச்சோறு இருக்கும். பானை மட்டும் வெறுமையாக இருக்கும். "தண்ணீர் எடுக்கவில்லையா தாத்தா?" என்று கேட்டால், "பாலாறு இருக்கும்போது பானையில் எதற்கடா சுமக்க வேண்டும்?" என்பார். வேலூரைத் தாண்டியதும் ஆற்றுமணலில் வண்டி நிற்கும். பாட்டனார் கையாலேயே மணலைத் தோண்டுவார். முழங்கை ஆழத்தில் ஊற்று சுரக்கும். கலங்கல் தெளியும்வரை காத்திருந்து, மாட்டுக்கு முதலில் கொடுத்துவிட்டு நாங்கள் குடிப்போம். புறப்படுமுன் வண்டிக்காரர் சாணத்தையும் எச்சில் இலைகளையும் வாரி, ஆற்றைவிட்டு அப்பால் கொண்டுபோய்ப் புதைப்பார். "பின்னால் வருகிறவன் வாயில் இதுவா விழவேண்டும், பெரியவரே?" என்று அவர் கூறியது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

மேலைநாட்டில் வண்டி வீடு இன்பச் செலவுக்கு உரியதாக மாறியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், கடற்படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்; எழுத்தாளர். அவர் 1885இல் 'நாடோடி' என்று பொருள்படும் பெயருடைய வண்டி ஒன்றைச் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்துவரை பயணம் செய்தார். அந்நாட்டில் இத்தகைய வண்டியைக் குறிக்கும் 'காரவான்' என்ற சொல், பாலைவன வணிகக் கூட்டத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது. 1907இல் அங்கே காரவான் சங்கமும் தோன்றியது. 1910இல் அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தார், பின்னிருக்கை படுக்கையாக விரியும் மோட்டார் வண்டியைக் காட்சிக்கு வைத்தனர். 1950இல் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் வேன் உற்பத்தியாகத் தொடங்கியது. மறு ஆண்டே அதனுள் படுக்கையும் அலமாரியும் பொருத்தித் தந்தது வெஸ்ட்ஃபாலியா நிறுவனம். 1960களிலும் 1970களிலும் ஐரோப்பிய இளைஞர் பலர் இத்தகைய வேன்களில் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு வந்தனர். 1979இல் ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் நிகழ்ந்த மாறுதல்கள் அந்த வழியை அடைத்துவிட்டன.

இன்பச் செலவுக்கு அன்றி, வேறொரு நோக்கத்தோடு வழிநடந்த வண்டியின் வரலாறு எங்கள் ஊருக்கே உரியது. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், அமெரிக்காவில் மருத்துவம் பயின்று 1900இல் வேலூருக்குத் திரும்பினார். நோயாளிகள் மருத்துவமனைக்கு வர இயலாவிடில் மருத்துவமனையே அவர்களிடம் செல்லவேண்டும் என்று அவர் கருதினார். முதலில் மாட்டு வண்டியிலும், 1909ஆம் ஆண்டளவில் பியூஜோ என்ற பிரெஞ்சு மோட்டார் வண்டியிலும் மருந்துப் பெட்டிகளோடு சிற்றூர்ச் சாலைகளில் சென்றார். குறித்த நாளில் குறித்த மரத்தடியில் வண்டி நிற்கும். நோயாளிகள் அங்கே காத்திருப்பர். நாற்காலியோ கூரையோ இல்லாத அந்த மரத்தடியே மருத்துவமனை. 1918இல் அவர் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளி வளர்ந்து, இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக எங்கள் பாகாயத்திலேயே விளங்குகிறது.

இவற்றை எண்ணிப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகும். வழிநடக்கும் வண்டியை, அது எவ்வளவு தூரம் சென்றது என்று மட்டும் அளந்தால் போதாது. நின்ற இடத்தில் எதனை விட்டுச் சென்றது என்றும் அளக்கவேண்டும். உமணர் உப்பை விட்டுச் சென்றனர். ஐடா அம்மையார் மருந்தை விட்டுச் சென்றார். நாம் எதனை விட்டுச் செல்கிறோம்? இவ்வினாவை என்முன் நிறுத்தியது, எங்கள் வாயிலில் வந்து நின்ற அந்த வண்டியே.

வெளிநாட்டில் பணிபுரியும் என் மகன், தன் பிள்ளைகளுக்குச் சென்னையையும் சுற்றுப்புறத்தையும் காட்ட விரும்பி, அதனைச் சென்னையில் மூன்று நாள் வாடகைக்கு எடுத்தான். நாள் ஒன்றுக்கு இவ்வளவு, இத்தனை கிலோமீட்டருக்கு மேற்பட்டால் இவ்வளவு, ஓட்டுநர் பேட்டா தனி, முன்பணம் தனி என்று ஒப்பந்தம் நீண்டது. வாடகைக்கு எடுத்தவரே ஓட்டும் வண்டியாயின் கருநிறப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். எங்கள் வண்டி ஓட்டுநரோடு வந்தது. ஆதலின் மஞ்சள் பலகையில் கருநிற எழுத்து. இத்தகைய வண்டிகள் சென்னையில் திரைப்படக் கலைஞர் ஓய்வு கொள்வதற்கே பெரிதும் வாடகைக்குச் செல்வன என்று ஓட்டுநர் கூறினார்.

பெருநகரில் அதனை ஓட்டுவது எளிதன்று. சென்னையின் சுரங்கப்பாதைகள் பலவற்றின் வாயிலில் உயரத்தைக் கட்டுப்படுத்தும் இரும்புச் சட்டம் உண்டு. அவ்வழிகளை விலக்கிச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. தாழ்ந்த கிளைகளைக் கண்டால் ஓட்டுநர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். திருப்பத்தில் பின்சக்கரம் குறுக்கே வெட்டும். வண்டியின் அடியிலுள்ள தொட்டியில் நீர் அலைவதால், நிறுத்த எண்ணிய இடத்துக்கு நெடுந்தொலைவு முன்பே வேகத்தைக் குறைக்கவேண்டும். இவையெல்லாவற்றினும் பெரிய இடர், இரவில் நிறுத்த இடமின்மை. மாமல்லபுரத்தைப் பார்த்துத் திரும்பிய இரவு, மூன்று இடங்களில் எங்களைப் போகச் சொல்லிவிட்டனர். கடைசியில் லாரிகள் நிற்கும் ஒரு பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் உறங்கினோம். வீடு எங்களோடு இருந்தது. நிற்க இடந்தான் இல்லை. 2021இல் கேரள அரசு வண்டி வீட்டுச் சுற்றுலாவுக்கெனக் கொள்கை வகுத்தபோது, வண்டிகளோடு அவற்றை நிறுத்தும் பூங்காக்களையும் சேர்த்து வகுத்ததன் பொருள் அன்றிரவு எனக்கு விளங்கிற்று.

மூன்றாம் நாள் காஞ்சிபுரம் பார்த்து வேலூர் நோக்கி வந்தோம். வாலாஜாப்பேட்டையை நெருங்கும்போது இருட்டிவிட்டது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் இரயில், சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற வாலாஜா சாலையைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டிக்குள் துர்நாற்றம் எழுந்தது. கழிவுத் தொட்டி நிறைந்துவிட்டது. சிறிய பேரன் குமட்டத் தொடங்கினான். ஓட்டுநர் ஓர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார்.

"ஐயா, இங்கே திறந்துவிட்டுவிடட்டுமா? இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?"

மகன் என் முகத்தைப் பார்த்தான். உண்மையைச் சொல்லுகிறேன்: 'சரி' என்ற சொல் என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. அதனைத் தடுத்து நிறுத்தியது ஒரு கண்ணாடிப் புட்டி.

அப்புட்டியைப் பற்றி நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. பல்லாண்டுகளுக்கு முன் ஆம்பூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்தேன். ஒருநாள் ஆற்றங்கரை நாகரிகங்கள் என்ற பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். நைல் ஆற்றையும் சிந்துவையும் வருணித்து முடித்தபோது, ஒரு மாணவன் எழுந்து வந்து மேசைமேல் ஒரு புட்டியை வைத்தான். அதனுள் மங்கிய பழுப்பு நிறத்தில் நீர் இருந்தது. "ஐயா, பாலாற்றங்கரையில் எங்கள் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் இது. நெற்பயிர் கருகிவிட்டது. இதுவும் ஆற்றங்கரை நாகரிகந்தானா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் அமைதி. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு அது என்பதை அவனும் அறிவான், நானும் அறிவேன். ஆனால், அவ்வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் தந்தையர் அத்தொழிற்சாலைகளிலேயே வேலை செய்தனர். அந்தக் கூலியே அவர்களுக்குச் சோறும் புத்தகமும். "பாடத்தை முடித்துவிட்டுப் பேசுவோம்" என்றேன். பாடம் முடிந்தது, நான் பேசவில்லை.

நான் பேசாததை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் பேசிற்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது என்று அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருவதையும் வேலை தருவதையும் நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆயினும், அதன் பொருட்டு நீரையும் நிலத்தையும் அழிக்க எவருக்கும் உரிமையில்லை என்றனர். கேடு செய்தவனே அதனைச் சீர்செய்யும் செலவை ஏற்கவேண்டும் என்ற நெறியையும், கேடு வருமுன் காக்கவேண்டும் என்ற நெறியையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. இந்தியாவெங்கும் சட்டக் கல்லூரிகளில் வேலூரின் பெயரோடு படிக்கப்படும் தீர்ப்பு அது.

ஒரு தொட்டிக் கழிவு எங்கே, ஓர் ஆற்றின் அழிவு எங்கே என்று நீங்கள் கேட்கலாம். பாலாற்றுக்கு வந்த கழிவும் ஒரே நாளில் வந்ததன்று. 'இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்' என்று ஒவ்வொருவரும் திறந்துவிட்டதன் கூட்டுத்தொகையே அது.

"வேண்டாம் தம்பி. சன்னல்களைத் திறந்து வை, வீட்டுக்குப் போய்விடலாம்" என்றேன். ஓட்டுநர் மறுவார்த்தை பேசவில்லை. மூக்கைப் பொத்தியவாறே ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து பாகாயம் வந்து சேர்ந்தோம். மறுநாட் காலையில் எங்கள் வீட்டுக் கழிவுத் தொட்டியில் குழாய் இணைத்து அதனை வெளியேற்றினோம். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் எதிர்வீட்டுச் சிறுமி வந்து அவ்வினாவைக் கேட்டாள்.

இப்பொழுது அவளுக்கு விடை கூறுகிறேன். படுக்கையும் அடுப்பும் இருப்பதனால் மட்டும் ஒன்று வீடாகிவிடாது. வீடு என்றால் அதற்கு அண்டை வீடு ஒன்று உண்டு. நின்ற இடமெல்லாம் தனக்கு அண்டை வீடு என்று எண்ணி நடப்பவனுக்கு அது வீடு. அவ்வாறு எண்ணாதவனுக்கு அது வெறும் வண்டியே. இதனை ஆற்றுமணலில் சாணம் வாரிய அந்த வண்டிக்காரர் அறிந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்ன நான் அறுபது வயதுக்குமேல் கற்றுக்கொண்டேன்.

புட்டியைக் கொண்டுவந்த மாணவனும் இன்று நடுவயதினனாக எங்கேனும் இருப்பான். அவன் செவிக்கு இப்பேச்சு எட்டுமாயின், அன்று நான் முடிக்காமல் விட்ட பாடம் இதுவே என்று அவன் கொள்வானாக.