காது கேளாதவர் காட்டிய வழி

பால்மரம் சீவக் கத்தி மட்டும் போதாது, கைப்பழக்கமும் வேண்டும். பழகாத கை மரத்தைக் காயப்படுத்திவிடும். காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் அத்தகையதே. இதற்கு வரலாறு தரும் சான்றொன்றை நாம் இன்று காண்போம்.

அமெரிக்காவில் ஆலிஸ் காக்ஸ்வெல் என்னும் காது கேளாத சிறுமி இருந்தாள். அவளுக்கேற்ற பள்ளி அந்நாட்டில் இல்லை. அண்டை வீட்டைச் சேர்ந்த தாமஸ் காலடெட் அவளுக்குக் கற்பிக்க முயன்றார். அன்பு இருந்தது, முறை தெரியவில்லை. ஆகவே, 1815இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். மறு ஆண்டு, பாரிஸ் பள்ளியொன்றில் சைகை மொழியால் கற்பிக்கும் முறையைப் பயின்றார். அங்கு ஆசிரியராயிருந்த லோரான் கிளெர்க், தாமே காது கேளாதவர்! அவரையும் உடன் அழைத்துக்கொண்டு காலடெட் திரும்பினார். 52 நாள் கடற்பயணத்தில் ஒருவர் மொழியை மற்றவர் கற்றனர். 1817 ஏப்ரல் 15ஆம் நாள் ஹார்ட்ஃபோர்டு நகரில் பள்ளி தொடங்கியது. ஆலிஸ் அதன் முதல் மாணவர்களுள் ஒருத்தி. கிளெர்க் மாணவர்களோடு புதிய ஆசிரியர்களையும் பயிற்றுவித்தார்.

மலாயாவிலும் 1954இல் பினாங்கில் இத்தகைய பள்ளி தோன்றியது.

பெற்றோர்களே, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை 'மந்தம்' என்று வீட்டிலேயே இருத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள், பள்ளிக்கு அழைத்து வாருங்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் அதற்குரிய பயிற்சி பெற்றாக வேண்டும். அன்போடு பயிற்சியும் சேர்ந்தால்தான் அப்பிள்ளைக்குக் கல்வி கிட்டும்.