தொட்டறியும் தமிழ்ப் பலகை: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து

ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 8.11.2024 அன்று ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. அணுகல்தன்மைக்கான அளவைகளை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளின் விதி 15(1), மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-க்கு முரணானது என்றது. மூன்று மாதங்களுக்குள் கட்டாய விதிகளை வகுக்க ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. எவற்றைக் கட்டாயமாக்குவது என்பதே இனி கேள்வி. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் போன்ற ஊரகக் கொம்யூன்களின் அறிவிப்புப் பலகைகளுக்குத் தமிழ் எழுத்துக்கேற்ற தனி அளவை வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிரெயில் பொறித்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் தமிழுக்கும் உரியது. சிறப்புப் பள்ளியில் பயின்றோருக்கு அது இன்றியமையாதது. ஆனால் சர்க்கரை நோயாலோ கண்நீர் அழுத்தத்தாலோ நடுவயதுக்குமேல் பார்வை இழந்தவர்களில் பலர் பிரெயில் கற்றதில்லை. எழுத்தறிந்தவர்களாயின் அவர்கள் கைக்குப் பழகியது தமிழ் வரிவடிவமே. ஆகவே பிரெயிலோடு புடைப்பெழுத்தும், குறைபார்வை உடையோருக்காகக் கண் கூசாத பரப்பில் நிறவேறுபாடு மிக்க பெரிய எழுத்தும் தேவை.

அமெரிக்காவின் 2010 அளவை, குறைந்தது 0.8 மி.மீ. புடைப்பும் 16 முதல் 51 மி.மீ. வரை உயரமும் கொண்ட ரோமன் பேரெழுத்துகளைக் கோருகிறது. இதை அப்படியே தமிழுக்கு எடுத்தாள இயலாது. இரண்டுசுழி ‘ன’வையும் மூன்றுசுழி ‘ண’வையும், துணைக்காலையும் (‘ா’) ‘ர’வையும் சிறிய அளவில் விரல்நுனி பிரித்தறிவது கடினம். எழுத்தின் உயரத்தையும் கோட்டின் தடிப்பையும் இங்குள்ள பார்வையற்றோரின் விரல்களைக் கொண்டே சோதித்து முடிவுசெய்ய வேண்டும். பாகூர் மூலநாதர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் முதல் இன்றைய அடிக்கல் பலகைகள் வரை நம் வழக்கம் வெட்டெழுத்தே. ஆனால் அதன் குறுகிய பள்ளத்தில் விரல் வடிவத்தைத் தேட நேர்வதால் புடைப்பெழுத்தே ஏற்றது.

எழுத்துக்கு ஈடான முக்கியத்துவம் இடத்துக்கும் உண்டு. அறையின் பலகையைக் கதவிலேயே பதித்தால், நாள் முழுதும் திறந்து சுவரோரம் சாய்ந்திருக்கும் கதவின் பின்னால் அது மறைந்துபோகும். தாழ்ப்பாள் பக்கச் சுவரில், எல்லா அறைகளுக்கும் ஒரே உயரத்தில் அமைந்தால்தான் எங்கே தேடுவது என்பது கைக்குத் தெரியும். அதன்மேல் சுவரொட்டியோ நாட்காட்டியோ தொங்கக் கூடாது.

பயன்படுத்துவோர் சிலரே என்று மறுப்போர் உண்டு. ஆனால் ஓய்வூதியத்துக்காகவும் மருந்துக்காகவும் அதே அலுவலகத்துக்கும் சுகாதார நிலையத்துக்கும் திரும்பத் திரும்ப வருபவர்கள் அந்தச் சிலர். கழிப்பறை எங்கே, மகப்பேறு பிரிவு எங்கே என்று ஒவ்வொரு முறையும் அந்நியரிடம் கேட்கும் நிலை அவர்களது அந்தரங்கத்தைப் பறிக்கிறது. சில அறைகளே கொண்ட சிறு கட்டடங்களுக்குத் தேவைப்படும் பலகைகளும் சிலவே. எனவே கொம்யூன் பஞ்சாயத்தின் ஒப்பந்தப் புள்ளியிலேயே இவ்வளவைகள் இடம்பெற வேண்டும். பார்வையற்ற ஒருவர் துணையின்றி உரிய அறையைக் கண்டடைந்து ஒப்புதல் தந்த பிறகே பணம் வழங்கப்பட வேண்டும்.