முந்தி வரும் ஓசை

ஒரு விளக்கோடு மற்றொரு விளக்கை ஏற்றினால் வெளிச்சம் மிகுகின்றது. ஓர் ஒலிபெருக்கியோடு மற்றொன்றைச் சேர்த்தால் ஓசையும் அவ்வாறே மிகும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் ஓசை அக்கணக்குக்கு எப்போதும் இணங்குவதில்லை. அஃது அலையாகப் பரவுவது. ஓர் அலையின் மேடு மற்றதன் மேட்டோடு கூடினால் ஓசை வலுப்பெறும். மேடும் பள்ளமும் கூடினால் ஒன்றையொன்று அடக்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில அறிஞர் தாமஸ் யங் இவ்வுண்மையை எடுத்துரைத்தார்.

பல ஒலிபெருக்கிகளை ஒருங்கிணைத்து இயக்கும் கலை 1930-களில் வளர்ந்தது. இங்கிலாந்தில் ஆலன் புளூம்லீன் என்னும் பொறியியல் அறிஞர், இருவழி ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை வேண்டி 1931 டிசம்பரில் விண்ணப்பித்தார். 1933 ஏப்ரல் 27-ஆம் நாள், பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவை வாஷிங்டன் மண்டபத்தில் மூன்று ஒலிபெருக்கிகளின் வாயிலாகக் கேட்கச் செய்தனர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார். மேடையில் வாசிப்போர் எவருமில்லை. எனினும் வாத்தியங்கள் இடமும் வலமும் நடுவுமாக ஒலித்தன. புளூம்லீனோ தம் முறை உலகெங்கும் பரவியதைக் காணவில்லை. 1942-இல் ராடார் சோதனையின்போது விமான விபத்தில், தமது 38-ஆம் வயதில் மறைந்தார்.

செவி திசையை அறியும் விதத்தை ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஒரே பேச்சு இரு ஒலிபெருக்கிகளிலிருந்து, விநாடியில் ஆயிரத்தில் முப்பது பங்குக்குள் அடுத்தடுத்து வந்தால், செவி இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். முந்தி வந்த திசையே ஓசையின் திசையாகும். பிந்தியது சற்று உரத்திருப்பினும் முந்தியதே வெல்லும். லண்டன் புனித பவுல் பேராலயத்தில் 1950-களின் தொடக்கத்தில் அமைந்த ஒலிபெருக்கிகள் இந்நெறியைக் கைக்கொண்டன. தொலைவிலுள்ள பெருக்கிகளின் ஓசையைக் காந்தப் பதிவு முறையால் தாமதப்படுத்தினர். பேசுவோரிடமிருந்தே குரல் வருவதாகக் கேட்போர் உணர்ந்தனர்.

1965-இல் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தன் கார்கள் சிலவற்றில் எட்டுத்தட ஒலிநாடாக் கருவியை அமைத்தது. இருவழி இசை வண்டிக்குள் நுழைந்ததும் பழைய சிக்கலும் உடன் நுழைந்தது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். இடப்பக்கத்து ஓசை 34 சென்டிமீட்டர் கூடுதலாகக் கடந்தால், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி பிந்தும். அதனால் பாட்டு முழுதும் வலப்புறமே எழுவதாகத் தோன்றும். விநாடிக்கு 500 அதிர்வுடைய சுரமும் மெலியும். ஒரு பெருக்கியின் கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டாலோ, மிருதங்கத் தொப்பியின் நாதம் போன்ற தாழ்ந்த ஒலிகள் தேய்ந்துபோகும்.

இக்காலத்து மின்னணுக் கருவிகள் அருகிலுள்ள பெருக்கியைச் சற்றே தாமதிக்கச் செய்து, பாடகரை ஓட்டுநரின் எதிரே நிறுத்துகின்றன. ஆனால் அவ்வொழுங்கு ஓர் இருக்கைக்கே உரியது. பக்கத்து இருக்கையிலிருப்பவர்க்குப் பாட்டு முன்னினும் ஒருபுறமாகச் சாய்ந்துவிடுகின்றது. வண்டியிலுள்ள எல்லோருக்கும் ஒத்த இசையை வழங்கும் முயற்சி இன்னும் முடிந்தபாடில்லை.