ஆறு காசும் நான்கு காசும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு இங்கு வந்து குடியேறிய நாம், ஆண்டுதோறும் இவ்விழா நாளில் ஒன்று கூடுகின்றோம். மேடையில் நம் குழந்தைகள் பாடுகின்றார்கள், ஆடுகின்றார்கள், சிலர் நல்ல தமிழில் பேசவும் செய்கின்றார்கள். அதனைக் கண்டு உள்ளங் குளிரும் பெற்றோராகிய நாம், அத்தமிழை அவர்கட்குக் கற்பிக்கும் பள்ளி இன்று எந்நிலையில் உள்ளது என்பதையும் ஒரு நாழிகை எண்ணிப் பார்த்தல் தகும்.

சென்ற ஆண்டு நிகழ்ந்ததை அன்பர்கள் மறந்திரார். நம் பிள்ளைகளிற் பலர் பயிலும் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில், தொடக்க வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்து வந்த ஆசிரியர் ஓய்வு பெற்றார். அவ்விடத்தை மீண்டும் நிரப்ப மானியம் இல்லை என்றும், பிள்ளைகளின் தொகை போதாது என்றும் விடை வந்தது. அன்று மாலை கூடிய பெற்றோர் இரு சாராராகப் பிரிந்தனர். “வீட்டுக்கு இவ்வளவு என்று திரட்டி நாமே ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்வோம்; எவர் வாசலிலும் போய் நிற்க வேண்டா” என்றனர் ஒரு சாரார். “வரி செலுத்துவோர் நாம், பள்ளி நடத்துவது அரசின் கடன். நாம் கையை நீட்டினால் அரசு தன் கையை மடக்கிக்கொள்ளும்” என்றனர் மறு சாரார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. அவ்வேளையில் பின்வரிசையில் இருந்த அம்மையார் ஒருவர் எழுந்து, “நீங்கள் வழக்காடி முடிக்கும் வரையில் என் மகளுக்கு யார் பாடம் சொல்வது?” என்று கேட்டார். அதற்கு விடை கூறுவார் எவருமிலர்.

இவ்வழக்கு நேற்றுத் தோன்றியதன்று. பொதுப் பணம் குறையும் பொழுதெல்லாம் பெற்றோர் இதனையே எதிர்கொண்டு வந்துள்ளனர். நம் முன்னோர் இதற்கு என்ன விடை கண்டனர் என்பதை வரலாற்றின் வழிநின்று ஈண்டு ஆராய்வோம்.

சென்னை இராசதானியின் ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டில் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு பணித்தார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி இராசதானியில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. அவற்றுட் பெரும்பாலானவை நம் பாட்டனார் கதைகளில் வரும் திண்ணைப் பள்ளிகளே. மணலில் விரல்தேய எழுதி, ஓலைக்கு ஏறி, சட்டாம்பிள்ளையின் அதட்டலுக்கு அஞ்சிப் படித்த பள்ளிகள் அவை. ஆசிரியருக்கு ஊதியம் அளித்தோர் பெற்றோரே. சிலர் காசாகத் தந்தனர். சிலர் நெல்லாக அளந்தனர்.

இதனைக் கேட்டவுடன், “பார்த்தீர்களா! அரசின் உதவியின்றியே அன்று பள்ளிகள் நடந்தன” என்று மகிழ்வோரும் உளர். அவர்கள் பல்லாரி மாவட்டத்தின் ஆட்சியர் காம்பெல் 1823இல் எழுதிய அறிக்கையையும் காணுதல் வேண்டும். அம்மாவட்டத்தில் அப்பொழுது இருந்த கல்விக்கூடங்கள் 533. அவற்றுள் ஒன்றேனும் அரசிடமிருந்து உதவி பெறவில்லை என்பதைத் தாம் வெட்கத்தோடு கூற நேர்ந்தது என்று அவர் எழுதினார். முன்னாளில் பள்ளி இருந்த பல ஊர்களில் இப்பொழுது பள்ளி இல்லை என்றும் அவர் குறித்தார். அதற்கு அவர் காட்டிய காரணம் மக்களுக்குக் கல்வியில் விருப்பமின்மை அன்று, வறுமையே. சீமைத் துணி வந்து இறங்க, உள்ளூர்த் தறிகள் ஓய்ந்தன. பிள்ளையின் கைகால் உழைக்கத் தகுதி பெற்றவுடன் அவனை வேலைக்கு அனுப்பவேண்டிய நிலை பெற்றோருக்கு உண்டாயிற்று. முன்னைய ஆட்சிகளில் கல்விக்கென்று விடப்பட்டிருந்த பொருளும் வேறு வழியிற் சென்றுவிட்டது. மன்றோவும், ஆசிரியர்கள் திங்களுக்கு ஆறு, ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்றும், தகுதி உடையோரை அத்தொழிலுக்கு ஈர்க்க அது போதாது என்றும் எழுதினார். பெற்றோரின் கை மட்டுமே பள்ளியைத் தாங்கி நின்றால், அக்கை தளரும் நாளில் பள்ளியும் விழும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஒரு நூற்றாண்டு கடந்து 1920ஆம் ஆண்டிற்கு வருவோம். சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சிக்குத் தலைமை தாங்கிய காலம் அது. ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில், ஏழைப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க மாநகராட்சி முடிவு செய்தது. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. பசித்த வயிற்றோடு எழுத்து ஏறாது என்பதைக் கண்டறிய ஆராய்ச்சி வேண்டுவதில்லை. உணவு இட்ட பள்ளியில் பிள்ளைகளின் வருகை பெருகிற்று. ஆயினும் 1925ஆம் ஆண்டில், தொடக்கக் கல்வி நிதியினின்றும் இச்செலவைச் செய்தல் ஆகாது என்று ஆங்கில அரசு தடுத்துவிட்டது. ஏட்டில் ஒரு வரியை அடித்த அளவில் உணவு நின்றது. நகரத்தார் விடாது வற்புறுத்தியதன் பயனாகச் சில ஆண்டுகளுக்குப் பின் உணவு மீண்டது. எனினும், இடைப்பட்ட காலத்தில் பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளுள் எத்தனை பேர் திரும்பி வந்திருப்பர்? தடைப்பட்ட நிதி மீண்டும் வரலாம். தடைப்பட்ட பள்ளிப் பருவம் மீண்டும் வருவதில்லை.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் பணமுடை தீர்ந்தபாடில்லை. செலவை மிகுதியும் கூட்டாது மேலும் பல பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, 1953ஆம் ஆண்டில் முதலமைச்சர் இராசாசி ஒரு திட்டத்தைக் கொணர்ந்தார். நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகச் சுருங்கிற்று. பிள்ளைகள் இரு வேளையாகப் பிரிந்து வருவர். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகுவர். இதனைக் குலக்கல்வித் திட்டம் என்று கூறி எதிர்த்தவர்களின் குரல் நாடெங்கும் எழுந்தது. தம் மகன் தம் தொழிலிலிருந்து விடுபட வேண்டும் என்றே பள்ளிக்கு அனுப்பிய தந்தையர்க்கு அத்திட்டம் உவப்பாக இல்லை. 1954ஆம் ஆண்டு மே மாதத்தில், காமராசர் அமைச்சரவை அதனைக் கைவிட்டது. பள்ளி நேரத்தைக் குறைத்துச் சிக்கனம் காண்பதைப் பெற்றோர் ஏற்கமாட்டார் என்பது அன்று புலனாயிற்று.

அங்ஙனமாயின் பணத்திற்கு வழி யாது? அதற்கு விடை கண்டதே அடுத்து வந்த சில ஆண்டுகளின் சிறப்பு. அக்காலத்தில் பொதுக் கல்வி இயக்குநராக விளங்கியவர் நெ. து. சுந்தரவடிவேலு. அரசின் நிதிக்காகக் காத்திராமல், ஊராரைக் கொண்டே முதலில் மதிய உணவைத் தொடங்குவது என்று முதலமைச்சரும் இயக்குநரும் துணிந்தனர். பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் 1956ஆம் ஆண்டில் காமராசர் இதனைத் தொடங்கி வைத்தார். அறுவடைக் களத்தில் உழவர் பள்ளிக்கென்று நெல் அளந்தனர். இல்லந்தோறும் மகளிர் பிடியரிசி எடுத்து வைத்தனர். விறகு தந்தவர் உண்டு. காய்கறி தந்தவர் உண்டு.

ஆனால் இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி உளது. “ஊரார் கொடுக்கின்றார்கள், இனி நமக்குக் கவலை இல்லை” என்று அரசு ஒதுங்கிக்கொள்ளவில்லை. 1957ஆம் ஆண்டு நவம்பரில் அரசு தன் பங்கையும் அளிக்க முன்வந்தது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவிற்குப் பத்து நயா பைசா என்று கணக்கிட்டனர். அதில் ஆறு காசு அரசினுடையது. நான்கு காசு ஊராருடையது. ஊரார் நான்கு வைத்தால், ஆறு வைக்கும் கடமையிலிருந்து அரசு நழுவ இயலாது. அரசு ஆறு தந்தமையால், ஊராரும் தம் நான்கை மறக்க இயலாது. ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் இவ்வுடன்பாடே அத்திட்டத்தின் உயிர்நாடி எனலாம்.

இதே வழியில் 1958ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. அதன்பின் மாவட்டந்தோறும் அத்தகைய மாநாடுகள் நிகழ்ந்தன. தம் ஊர்ப் பள்ளிக்கு என்னென்ன தேவை என்று முதலில் ஊராரே பட்டியல் எழுதினர். பின்னர் கரும்பலகை, நாற்காலி, கடிகாரம், நிலப்படம், குடிநீர்ப் பானை, கட்டடத்திற்கு நிலம் எனத் தத்தம் ஆற்றலுக்கேற்ப வழங்கினர். சீர்வரிசை கொண்டு செல்வது போல் மேளதாளத்தோடு பள்ளிக்குப் பொருள் கொண்டு சென்ற ஊர்களும் உண்டு. பெண்ணுக்குச் சீர் செய்தவர் அவள் புகுந்த வீட்டில் நலமாக இருக்கின்றாளா என்று அடிக்கடி சென்று பார்ப்பர் அல்லரோ? அதுபோலவே, பள்ளிக்கு நாற்காலி தந்தவர் அதில் ஆசிரியர் அமர்ந்திருக்கின்றாரா என்று எட்டிப் பார்க்கும் உரிமையையும் பெற்றார்.

இம்முறையிலும் ஒரு குறை இருந்தது. நான்கு காசு கொடுக்க இயலாத ஊரின் கதி யாது? மிகவும் வறிய ஊருக்கே உணவு மிகவும் தேவை. அவ்வூரே தன் பங்கைத் தர இயலாதது. ஆதலின் 1982ஆம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் அரசு சத்துணவுத் திட்டத்தைக் கொணர்ந்தபொழுது, அரசே அச்சுமையைத் தாங்கிற்று. 2001ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள், நாடெங்கும் அரசு மற்றும் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்குக என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பிடியரிசியில் தொடங்கியது பிள்ளையின் உரிமையாக முடிந்தது. ஊரார் முன்னே கொடுத்தமையால் அரசின் கடமை குறையவில்லை, மாறாக, வளர்ந்தது.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மவர் வரலாறும் இதற்கு இயைந்ததே. 1923ஆம் ஆண்டில், அரசுப் பணியின் பொருட்டுத் தலைநகருக்குச் சென்ற தமிழ்க் குடும்பத்தார் தம் பிள்ளைகளுக்கென ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினர். கோடையில் அரசு சிம்லாவுக்குப் பெயரும்பொழுது குடும்பங்களும் பெயர்ந்தன; பள்ளியும் உடன் பெயர்ந்தது. அவ்வித்தே வளர்ந்து, இன்று டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக விளங்குகின்றது. பெற்றோரின் முயற்சியாற் பிறந்து, அரசின் உதவியையும் பெற்று வளர்ந்த பள்ளிகள் அவை.

நம் போன்றோர்க்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1949ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு நெறியை வகுத்தது. ஒரு தொடக்கப் பள்ளியில் 40 பிள்ளைகளேனும், ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளேனும் வேறு தாய்மொழியினராக இருப்பின், அம்மொழியிற் கற்பிக்க ஓர் ஆசிரியரேனும் அமர்த்தப்பெற வேண்டும் என்பது அது. 1956ஆம் ஆண்டில் அரசியலமைப்பில் சேர்க்கப்பெற்ற 350அ என்னும் பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்து தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று கூறுகின்றது. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும் என்றும், பாதிப்பேர் மகளிராக இருத்தல் வேண்டும் என்றும் விதித்துள்ளது. அரசு தரும் மானியம் எவ்வாறு செலவாகின்றது என்று கண்காணிப்பதும் அக்குழுவின் பணியே. உதவி பெறும் பள்ளிகளில் அக்குழுவிற்கு அறிவுரை கூறும் அளவே உரிமை உண்டு என்பது உண்மைதான். எனினும் கேட்கும் உரிமையை எவரும் பறித்துவிடவில்லை.

இனி, அந்த அம்மையார் கேட்ட வினாவிற்கு வருவோம். நம் குடியிருப்பில் வாழும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மறு வாரமே மாலைதோறும் பாடஞ் சொல்லத் தொடங்கினார். பெற்றோர் திரட்டும் சிறு தொகை, புத்தகத்திற்கும் அவர் வந்துபோகும் செலவிற்கும் ஆகின்றது. இது நம் நான்கு காசு. அரசின் ஆறு காசைக் கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் பெற்றோர் அனைவரும் கையொப்பமிட்டுள்ளனர். அதற்கு விடை இன்னும் வரவில்லை, மீண்டும் எழுதுவோம்.

ஆயினும் அவ்விண்ணப்பத்திற்காகப் பிள்ளைகளின் பெயரைத் தொகுத்த நாளில் நாம் அறிந்த உண்மையொன்றை மறைத்தல் முறையன்று. இப்பள்ளியிற் பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு வகுப்பில் பத்துக்கு மேல் இருந்தும், பள்ளிப் பதிவேட்டில் தமிழைத் தம் மொழியாகக் குறித்தோர் ஏழு பேரே. எஞ்சியோரின் பெற்றோர், வேறு மொழி எடுத்தால் மதிப்பெண் கூடும் என்று கருதி மாற்றி எழுதிவிட்டனர். ‘தொகை போதாது’ என்ற அச்சொல்லுக்கு ஆதாரம் தந்தவர்களுள் நாமும் இருக்கின்றோம்.

வரும் கல்வியாண்டிற்குப் பெயர் பதியும் நாள் நெருங்குகின்றது. சந்தா கொடுப்பதற்கு முன்னரே, விண்ணப்பத்தில் கையொப்பம் இடுவதற்கு முன்னரே, பெற்றோர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. அதற்கு ஒரு காசும் செலவில்லை. சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதுவோமாக.